கல்யாணப் பத்திரிகை ஏன் 'இன்ஸ்டால்' செய்யச் சொல்கிறது? கைப்பேசியும் ஆன்டிவைரஸும்

தை பிறந்துவிட்டால் சுங்கை சிப்புட் பக்கம் மண்டபங்களுக்கு ஓய்வு கிடையாது. பத்திரிகை தாம்பாளத்தில் வருவதைவிட வாட்ஸ்அப்பில் வருவதுதான் இப்போது அதிகம். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இன்னொரு வகைப் பத்திரிகையும் சில ஆண்டுகளாக மலேசியாவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும்' என்று ஒரு வரி, கீழே ஒரு கோப்பு. கோப்பின் பெயர் 'பிடிஎஃப்' என்று முடியாமல் 'ஏபிகே' என்று முடியும். தொட்டால் மாப்பிள்ளை பெண் படம் வராது, 'இன்ஸ்டால் செய்யவா?' என்ற கேள்வி வரும். சரி என்று அழுத்திவிட்டுப் பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்து அதிர்ந்து, காவல் நிலையத்துக்குப் போனவர்கள் உண்டு.

இப்படி ஒரு செய்தி பத்திரிகையில் வந்த மறுநாளே தோட்டத்திலும் தாமானிலும் இரண்டு பேச்சு கிளம்பும். 'ஆன்டிவைரஸ் போட்டுக்கொள், ஒன்றும் ஆகாது' என்பது ஒன்று. 'போனுக்கு எங்கே வைரஸ் வரும், அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு' என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். எது எவ்வளவு உண்மை என்று தெரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

'வைரஸ்' என்ற சொல்

நமக்குப் பிடிக்காத எல்லா நிரலையும் வைரஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொழில்நுட்பக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் சொல் மால்வேர். தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட நிரல் எதுவானாலும் அந்தப் பெயரில் அடங்கும். அதற்குள் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

1. வைரஸ்: வேறொரு நிரலில் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது. பழைய கணினிகளில், பென்டிரைவ் வழியாகப் பரவியது பெரும்பாலும் இது.

2. வோர்ம்: யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. 2004-இல் 'கபீர்' என்ற ஒன்று சிம்பியன் வகை நோக்கியா போன்களில் புளூடூத் வழியாகப் பரவியது. கைப்பேசிக்கென்று எழுதப்பட்ட முதல் வோர்ம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

3. ட்ரோஜன்: நல்ல பிள்ளை வேஷம் போட்டு வருவது. தானாகப் பரவாது, தானாக உள்ளே நுழையாது. வீட்டுக்காரரே கதவைத் திறந்து 'வா' என்று சொல்ல வேண்டும்.

இன்று நம் கைப்பேசிகளைக் குறிவைப்பதில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாம் வகை. ஆக, 'போனுக்கு வைரஸ் வராது' என்பவர் அகராதிப்படி சரியாகத்தான் சொல்கிறார். பணம் போவது அகராதிப்படி இல்லையே!

2017-இலிருந்து 'மார்ட்டினெல்லி என்று ஒரு வீடியோ வரும், திறந்தால் போன் அழிந்துவிடும்' என்ற எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நம் ஊர்க் குழுக்களிலும் அந்தச் சாயலில் எத்தனையோ வருகின்றன. அப்படி ஒரு வீடியோவே கிடையாது. அது வெறும் புரளி. இந்தப் புரளிகளால் வேறொரு கெடுதல் நடக்கிறது. படத்தைப் பார்த்தாலே ஆபத்து என்று பயந்து பயந்து அலுத்துப்போனவர், உண்மையிலேயே ஆபத்தான 'இன்ஸ்டால்' கேள்வி வரும்போது அதையும் இன்னொரு தொல்லை என்று நினைத்து அழுத்திவிடுகிறார்.

லயத்து வீடும் தனி வீடும்

பழைய விண்டோஸ் கணினி நம் பழைய லயத்து வீடு மாதிரி. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் சுவர் இருக்கும், ஆனால் பெயருக்குத்தான். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இங்கே தும்மல் வரும். ஒரு நிரல் உள்ளே வந்துவிட்டால் மற்ற நிரல்களின் கோப்புகளைப் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அதனால்தான் கணினிக்கு ஆன்டிவைரஸ் என்ற காவல்காரர் தேவைப்பட்டார். அந்தக் காவல்காரரும் எல்லா வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடிந்தது.

ஆண்ட்ராய்டும் ஐபோனும் வேறு மாதிரி கட்டப்பட்டவை. ஒவ்வொரு ஆப்பும் சுற்றுச்சுவர் வைத்த தனி வீட்டில் குடியிருக்கிறது. டச் அண்ட் கோ ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று டார்ச் லைட் ஆப் பார்க்க முடியாது. வங்கி ஆப்பின் கோப்பை விளையாட்டு ஆப் தொட முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர்.

சுவர் இருந்தாலும் வெளியுலகத்தோடு சில காரியங்கள் ஆக வேண்டுமே. கேமரா, மைக், எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி. அந்தச் சாவிதான் 'பெர்மிஷன்' என்கிற அனுமதி. 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை, ஆப்பை நிறுவும்போதே எல்லாச் சாவியையும் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு, தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. 'அலவ்', 'டோன்ட் அலவ்' என்று திரையில் வருகிறதே, அதுதான்.

இந்த ஏற்பாட்டால் திருடன் தொழிலை மாற்றிக்கொண்டான். சுவரை இடிக்கும் வழி இல்லாமல் இல்லை. அரசாங்க அளவில் உளவு பார்க்கும் பெகாசஸ் போன்றவை அந்த வகை. அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால், ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பளக் கணக்குக்காக யாரும் அதை எடுத்துவர மாட்டார்கள். சாதாரணத் திருடனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, சாவியை நம்மிடமே கேட்டு வாங்குவது.

ஆன்டிவைரஸும் ஒரு குடித்தனக்காரர்தான்

பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. திருடனைத் தடுக்கும் அதே சுவர், ஆன்டிவைரஸையும் தடுக்கிறது. கைப்பேசியில் நீங்கள் நிறுவும் ஆன்டிவைரஸ் ஆப் காவல்காரர் கிடையாது. அதுவும் ஒரு தனி வீட்டில் இருக்கும் இன்னொரு குடித்தனக்காரர். அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்ப்போம்.

ஆண்ட்ராய்டில் அது, எந்தெந்த ஆப் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கலாம். அவற்றின் நிறுவல் கோப்பைத் தன்னிடம் உள்ள கெட்டவர் பட்டியலோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனால் 'இதை நீக்கிவிடுங்கள்' என்று உங்களிடம் சொல்லலாம். மோசடி இணையத்தள முகவரியைத் திறந்தால் எச்சரிக்கலாம். இவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆப் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை நீக்கவும் முடியாது. நேற்று எழுதப்பட்ட மால்வேர் இன்று பட்டியலில் இல்லை என்றால், ஆன்டிவைரஸுக்கு அது கல்யாணப் பத்திரிகையாகவே தெரியும்.

ஐபோனில் இதுவும் இல்லை. மற்ற ஆப்களைச் சோதிக்க ஆப்பிள் அனுமதிப்பதே இல்லை. ஆப் ஸ்டோரில் 'பாதுகாப்பு' என்ற பெயரில் இருப்பவை இணையத்தள வடிகட்டி, விபிஎன், கடவுச்சொல் காப்பகம் போன்றவைதான். ஐபோனில் வைரஸை 'ஸ்கேன்' செய்வதாக ஒரு ஆப் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அதை நீக்கிவிடலாம்.

சரி, செய்ய முடிந்ததையாவது ஒழுங்காகச் செய்கின்றனவா? 2019-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஏவி கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடம் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களை எடுத்து, 2,000 மால்வேர் மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்தது. அவற்றில் 30 விழுக்காட்டுக்கு மேல் பிடித்து, நல்ல ஆப்பைத் திருடன் என்று சொல்லாமலும் இருந்தவை வெறும் 80. சிலவற்றின் 'சோதனை' முறையே வேடிக்கை: தங்களிடம் இருந்த ஒரு சிறிய நல்லவர் பட்டியலில் பெயர் இல்லாத எல்லாவற்றையும் ஆபத்து என்று சொல்லின. அந்தப் பட்டியலில் தங்கள் பெயரையே சேர்க்க மறந்து, தங்களையே திருடன் என்று காட்டிக்கொடுத்தவையும் இருந்தன.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2014-இல், 'வைரஸ் ஷீல்ட்' என்ற ஆப் கூகுள் பிளே ஸ்டோரில் 3.99 டாலருக்கு விற்றது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். அது செய்த ஒரே வேலை, தொட்டால் பெருக்கல் குறியை 'சரி' குறியாக மாற்றியது. வேறொன்றும் இல்லை. கூகுள் பிறகு அதை நீக்கியது.

ஏமாற்று வேலை அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2022-இல் 'ஷார்க்பாட்' என்ற வங்கித் திருட்டு மால்வேர் பிளே ஸ்டோருக்குள் நுழைந்தது எந்த வேஷத்தில் தெரியுமா? ஆன்டிவைரஸ் வேஷத்தில். காரணம் எளிது. ஒரு பாதுகாப்பு ஆப் நிறையச் சாவி கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய பெயர்களும் சுத்தம் என்று சொல்வதற்கில்லை: அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்ற விவகாரத்தில், அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

இன்னொன்று. ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. 'பிளே புரொடெக்ட்' என்று பெயர். இந்தப் பெயரில் 2017-இலிருந்து இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தொட்டால் பட்டியலில் தெரியும். வெளியிலிருந்து நிறுவிய ஆப்களையும் அது பார்க்கிறது. பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லி ஒருவர் 'உதவி' செய்தால் அவர் யார் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் நடந்த கதை

2022 ஏப்ரலில் இசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மலேசியாவை மட்டும் குறிவைத்த ஒரு மோசடியை விரிவாக வெளியிட்டது. இது அடிப்படை நாடகம். இப்போது வரும் கல்யாணப் பத்திரிகை இதன் புது வேஷம்தான். காட்சிகளை வரிசையாகப் பார்த்தால் எந்த இடத்தில் நம் கை தேவைப்படுகிறது என்று புரியும்.

1. ஃபேஸ்புக்கில் வீடு சுத்தம் செய்யும் சேவைக்கு விளம்பரம். விலை மலிவு. தொட்டால் உண்மையான நிறுவனத்தின் தளம் போலவே ஒரு போலித் தளம்.

2. அந்தத் தளத்தில் முன்பதிவு செய்ய முடியாது, ஆப்பைத்தான் இறக்க வேண்டும். கூகுள் பிளே படம் போட்ட பொத்தான் இருக்கும். அழுத்தினால் பிளே ஸ்டோருக்குப் போகாது. திருடனின் சர்வரிலிருந்து ஏபிகே கோப்பு இறங்கும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் பொட்டலம். அதில் படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

3. தெரியாத இடத்திலிருந்து நிறுவ வேண்டாம் என்று போன் எச்சரிக்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், இந்த அனுமதியைக் குரோமுக்கு வேறு, வாட்ஸ்அப்புக்கு வேறு என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதாவது இங்கே ஒரு முறைக்கு இரண்டு முறை நம் விரல் போக வேண்டும்.

4. ஆப் திறக்கும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும்.

5. பணம் கட்டும் இடத்தில் வங்கிப் பட்டியல் வரும். நாம் இணையத்தில் வங்கிக் கணக்கிலிருந்து எஃப்பிஎக்ஸ் வழியாகக் கட்டும்போது பார்க்கும் அதே மாதிரி. எட்டு மலேசிய வங்கிகளின் பெயர் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டால், 'தவறு, மீண்டும் முயலவும்' என்று வரும். தவறு ஒன்றுமில்லை, இரண்டும் அதற்குள் திருடனிடம் போய்விட்டன.

6. திருடன் தன் கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து பணத்தை மாற்றுவான். வங்கி உங்களுக்கு டேக் நம்பர் என்ற ஒப்புதல் எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். 4-ஆம் படியில் கொடுத்த சாவியால் அந்த எஸ்எம்எஸ் நேராக அவனுக்குப் போகும்.

இந்தக் கடைசிப் படியை உடைக்கத்தான் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. எஸ்எம்எஸ் டேக்கைப் படிப்படியாகக் கைவிட்டு வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் தருவது, ஒருவருக்கு ஒரு கருவி மட்டும், புதிய கருவியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருப்பது ஆகியவை அவற்றில் அடக்கம். புது போன் வாங்கியதும் 'வங்கி ஆப் உடனே வேலை செய்யவில்லை' என்று கவுண்டரில் சத்தம் போடுபவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எரிச்சலாகத்தான் இருக்கும். திருடனுக்கு அது அதைவிட எரிச்சல்.

ஒப்புதல் ஆப்புக்குள் போனதும் திருடனும் நகர்ந்தான். இப்போது அவன் கேட்கும் சாவி 'அக்சஸிபிலிட்டி'. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டவும், கை நடுங்குபவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவாக்கிய வசதி அது. திரையைப் படிக்கலாம், பொத்தானை அழுத்தலாம் என்றால் வேறு என்ன வேண்டும்? வங்கி ஆப்பை அவனே திறந்து, அவனே ஒப்புதல் கொடுப்பான். நடுவில் கறுப்புத் திரையோ 'அப்டேட் நடக்கிறது' என்ற படமோ காட்டி உங்களை ஒதுக்கி வைப்பான். தனித்தனி அறைச் சாவி எதுவும் தேவைப்படாத மாஸ்டர் சாவி இது.

ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய ஆப்புக்கு இந்தச் சாவியைக் கொடுப்பது கடினமாக்கப்பட்டது. திருடர்கள் அதையும் சுற்றிவர வழி கண்டுபிடித்தார்கள். சில வங்கி ஆப்கள், இப்படிப்பட்ட ஆப் ஒன்று போனில் இருப்பதைக் கண்டால் திறக்க மறுக்கின்றன. அதைப் பார்த்து 'வங்கி ஆப் கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல செய்தி. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படிக்க வேண்டும்.

படிப்பதில்தான் நம் பக்கம் ஒரு தனிச் சிக்கல். தோட்டத்துப் பெரியவர்களின் போன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கடைக்காரத் தம்பியோ பேரனோ அப்படியே செட் செய்து கொடுத்திருப்பார்கள். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பாட்டிக்கு அந்த எச்சரிக்கை வெறும் எழுத்துக் கூட்டம். 'ஓகே' என்பது மட்டும் தெரிந்த சொல். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். அந்தத் தமிழ் சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் 'தெரியாத ஆப்ஸை நிறுவ வேண்டாம்' என்று தமிழில் வரும்போது பாட்டி ஒரு நிமிடம் நிற்பார். எந்த ஆன்டிவைரஸையும்விட இந்த ஒரு மாற்றத்தை நான் முதலில் செய்யச் சொல்வேன்.

அப்படியானால் பிளே ஸ்டோர் சுத்தமா?

முழுக்கச் சுத்தம் இல்லை. 'ஜோக்கர்' என்ற மால்வேர் 2017-இலிருந்து மீண்டும் மீண்டும் அங்கே தலைகாட்டியது. பயனருக்குத் தெரியாமல் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிட்டுப் பணம் பிடிக்கும் வகை. 2020 ஜனவரிக்குள் அந்த வகையைச் சேர்ந்த 1,700 ஆப்களை நீக்கியதாகக் கூகுளே சொன்னது. டாப் அப் செய்த பணம் காரணம் தெரியாமல் கரைந்தால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் என்னென்ன சந்தா ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் பிளே ஸ்டோருக்கும் வெளிக்கும் வித்தியாசம் பெரியது. 2018-இன் இறுதியில் கூகுள் கொண்டுவந்த விதிப்படி, மிகச் சில வகை ஆப்களைத் தவிர வேறெதுவும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்க முடியாது. ஒரு விளையாட்டோ பத்திரிகையோ உதவித்தொகை விண்ணப்பமோ எஸ்எம்எஸ் படிக்கக் கேட்டால், அது பின்வாசல் வழியாக வந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

நடுக்கூடத்தில் இருக்கும் இன்னொரு கருவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: டிவியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பாக்ஸ். தமிழ்ச் சேனல் எல்லாம் இலவசம் என்று இரவுச் சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத பெட்டிகளில், தொழிற்சாலையிலோ விற்கும் வழியிலோ மால்வேர் ஏற்றப்பட்டவை உண்டு. 2023 ஜனவரியில் 'டி95' என்ற மலிவுப் பெட்டியில் அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2025-இல் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற வலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருந்தது வெளிவந்து, அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பெட்டியில் உங்கள் முதன்மை ஜிமெயில் கணக்கைப் போட்டு வைக்காதீர்கள்.

யாருக்குத்தான் ஆன்டிவைரஸ் தேவை?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஆப் இறக்கி, பாதுகாப்பு அப்டேட்டும் வந்துகொண்டிருந்தால் அவர்களுக்கும் தேவையில்லை. இருக்கிற பிளே புரொடெக்ட் போதும்.

கொஞ்சம் பயன் இருக்கக்கூடியவர்கள் இரண்டு வகை. வேலைக்காக வெளியிலிருந்து ஏபிகே நிறுவியே ஆக வேண்டியவர்கள் ஒரு வகை. சில நிறுவனங்கள் தங்கள் ஆப்பை அப்படித்தான் ஊழியர்களுக்குக் கொடுக்கின்றன. கண்ட சுட்டியையும் அழுத்திவிடும் பெரியவர்களின் போன் இன்னொரு வகை. அங்கே இணையத்தள வடிகட்டி உதவும். போடுவதென்றால் சுயாதீனச் சோதனைகளில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வாங்கும் பெயர் தெரிந்த நிறுவனத்தின் இலவசப் பதிப்பு போதும். 'போனை வேகமாக்கும், பேட்டரியைச் சேமிக்கும், குப்பையைத் துடைக்கும்' என்று ஒரே மூச்சில் சொல்பவை வேண்டவே வேண்டாம். திரையில் 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று சிவப்பில் மின்னினால், அது இணையப் பக்கத்தில் வரும் விளம்பரம். பக்கத்தை மூடினால் வைரஸும் மறைந்துவிடும்.

செய்து வைக்க வேண்டியவை

1. செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றிலும் அனுமதி அணைந்திருக்க வேண்டும்.

2. அங்கேயே 'அக்சஸிபிலிட்டி'யைத் திறந்து, நிறுவிய ஆப்கள் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் வேண்டுமென்றே சேர்க்காத பெயர் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

3. பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். 2015-இல் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்ற ஓட்டை வெளிவந்தது. ஒரு படச் செய்தி மூலமாகவே போனுக்குள் நுழையக் கூடிய ஓட்டை. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. மேலே சொன்ன சுவர் உறுதியாக இருப்பது இந்தத் திருத்தங்களால்தான். தேதி இரண்டு மூன்று ஆண்டுகள் பழசு, புதிது வரவும் இல்லை என்றால், அந்தப் போனைப் பாட்டு கேட்க வைத்துக்கொண்டு வங்கி ஆப்பை வேறு போனுக்கு மாற்றுவது நல்லது. பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்பாவின் இபிஎஃப் சேமநிதிக் கணக்கும் அந்தப் போனில்தான் இருக்கும் என்பதை யோசித்துக் கொடுங்கள்.

4. அரசு உதவித்தொகை என்று வரும் சுட்டியை அழுத்தாதீர்கள். எஸ்டிஆர், சாரா எதற்கும் ஏபிகே நிறுவத் தேவையில்லை.

5. பிள்ளைகள் விளையாடும் போனும் வங்கி ஆப் இருக்கும் போனும் ஒன்றாக இருந்தால், பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். 'ஃப்ரீ டைமண்ட்' தருகிறேன் என்று வரும், விளையாட்டை மாற்றியமைத்த 'மோட்' ஏபிகே எல்லாம் பிள்ளைகளின் விரலைத்தான் தேடுகின்றன.

பொது இடத்தில் சார்ஜ் போட்டால் போனில் உள்ளதைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் கொஞ்சம் அதிகப்படி. போன் 'டேட்டா அனுமதிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், போதும்.

தவறி அழுத்திவிட்டால்

இங்கே வரிசை முக்கியம்.

1. முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். ஃப்ளைட் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் ஏதோ ஓடிக்கொண்டு உங்கள் விரலுக்கு அடங்கவில்லை என்றால் சிம் கார்டை உருவுங்கள், வீட்டு ரவுட்டரை அணையுங்கள். திருடன் தொலைவிலிருந்து இயக்குகிறான். கயிறு அறுந்தால் பொம்மை ஆடாது.

2. வேறொரு போனிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழையுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 997-ஐயும் அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்குவதுதான் அதன் வேலை. 'கில் ஸ்விட்ச்' என்று கணக்கை நாமே முடக்கும் வசதி பல வங்கிகளில் உண்டு. அதை மால்வேர் இருக்கும் போனில் தேடிக்கொண்டிருக்காமல் வேறு கருவியில் செய்யுங்கள்.

3. காவல் நிலையத்தில் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். அந்த ஏபிகே வந்த செய்தியையும் எண்ணையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போனை அழித்த பிறகு ஆதாரம் தேடினால் கிடைக்காது.

4. இதற்குப் பிறகுதான் போன். போனை அணைக்கும்போது திரையில் வரும் 'பவர் ஆஃப்' என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நாம் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. அக்சஸிபிலிட்டியிலும் 'டிவைஸ் அட்மின்' பட்டியலிலும் அந்த ஆப்பின் சாவியைப் பிடுங்கிவிட்டு நீக்குங்கள். சில ஆப்கள் பெயரே இல்லாமலோ 'செட்டிங்ஸ்' என்ற பெயரிலோ ஒளிந்திருக்கும்.

5. படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். நீக்கியாயிற்றே, எதற்கு ரீசெட் என்று தோன்றும். அது உள்ளே இருந்தபோது வேறு எதையும் கூட்டி வந்ததா என்று உங்களாலும் பார்க்க முடியாது, ஆன்டிவைரஸாலும் பார்க்க முடியாது. டவுன்லோட்ஸ் கோப்பறையில் அந்த ஏபிகே கிடந்தால் அதைத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள்.

6. ஜிமெயில், வங்கி, இ-வாலட், ஃபேஸ்புக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

7. சில வகை மால்வேர் உங்கள் தொடர்புப் பட்டியலை எடுத்து, உங்கள் எண்ணிலிருந்தே அடுத்தவர்களுக்கு அனுப்பும். பெரியம்மா அனுப்பிய பத்திரிகை என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதனால் கூச்சப்படாமல் குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் ஒரு குரல் பதிவு போட்டுவிடுங்கள்: என் எண்ணிலிருந்து பத்திரிகை ஏதாவது வந்திருந்தால் திறக்காதீர்கள், எங்கள் வீட்டில் இப்போதைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை.